கடற்கரை ஊரில் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புதிய ஹம்பக்கர்: வாங்குவது முதல் பொருத்திப் பார்ப்பது வரை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான நம் கடற்கரையில் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுவிலோ, திருவிழா மேடைகளில் ஏறும் மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கிறவர்கள். கிட்டாருக்கென்று தனியாக ஒரு மெக்கானிக் நம் பக்கத்தில் அரிது. கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றித் தரும் பிக்கப்பை (ஹம்பக்கர் அதில் ஒரு வகை) மாற்ற வேண்டுமென்றால் மதுரைக்குக் கொண்டுபோ என்பார்கள்; இல்லையென்றால் டி.வி. பழுதுபார்க்கும் கடையில் கொடுக்கச் சொல்வார்கள். வழி தெரியாமல் அலைந்து, கேட்டும் படித்தும் நான் தேறிய இந்த வேலையை நீங்கள் வீட்டிலேயே நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதன்முறையாகச் செய்பவரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு படியும் சொல்லப்பட்டிருக்கிறது.

1. பணம் செலவழிக்கும் முன் உப்பைப் பாருங்கள்

ஒலி மங்கிவிட்டது, கரகரக்கிறது, இரைகிறது என்று புதிய பிக்கப் தேடுபவர்களின் கிட்டாரைத் திறந்து பார்த்தால், பல நேரங்களில் பிக்கப் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போனது அதைச் சுற்றியுள்ளவைதான். கேபிள் சொருகும் ஜாக்கின் உட்புறத் தகட்டை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அது மங்கலாகவோ பச்சை படிந்தோ இருந்தால் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். வால்யூம் கன்ட்ரோலைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், குமிழின் அடியில் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் உள்ளே துரு அல்லது அழுக்கு இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பாட்டின் காலருகே உள்ள இடைவெளியில் ஒரே ஒருமுறை பீய்ச்சி, குமிழை இருபது முப்பது தடவை முழுதாகத் திருப்புங்கள். ஜாக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கம்பிகளைப் புதிதாக மாற்றுங்கள். அதற்குப் பிறகும் ஒலி பிடிக்கவில்லை என்றால்தான் பிக்கப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் பல ஆயிரம் செலவழிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

2. எர்த்தைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள்

ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் (செப்புக் கம்பிச் சுருள்கள்) உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால், கம்பியின் அதிர்வு இரண்டிலும் கூடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் கழிந்து அடங்கிவிடுகிறது. ஆனால் அது அடக்குவது அந்த ஒருவகை இரைச்சலை மட்டுமே. எர்த் சரியில்லாததால் வரும் இரைச்சலையோ, மலிவான எல்.இ.டி. விளக்குகளின் சர்க்யூட்டிலிருந்து வரும் கிர்ரென்ற ஓசையையோ எந்த ஹம்பக்கரும் முழுமையாக நிறுத்தாது.

நம் கடற்கரை வீடுகளில் எர்த் குழாய் உப்பு மண்ணில் விரைவாக அரித்துப்போகும். கோடையில் மணல் காய்ந்துவிட்டால், நல்ல குழாயாக இருந்தாலும் எர்த் வலுவிழக்கும். எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, ஆம்ப்ளிஃபயர் சொருகும் பிளக் பாயின்ட்டில் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே அளவு வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கிட்டாரின் கம்பிகள் பாலத்தின் (அவற்றைத் தாங்கும் பிரிட்ஜின்) வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைக்கப்பட்டவை. எர்த் அறுந்த ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் சொருகி, வேறொரு லைனில் இயங்கும் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் குறையும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கம்பியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் உள் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டாலும் மாற்றமே இல்லையென்றால் பாலத்துக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

3. அளவெடுங்கள்

பாலத்தின் அருகே முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாவது கம்பியின் நடு வரை அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் சாதாரண இடைவெளியுள்ள ஹம்பக்கர் பொருந்தும்; 52, 53 மில்லிமீட்டர் இருந்தால் அகல இடைவெளி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். கழுத்துப் பக்கத்துக்குச் சாதாரண இடைவெளியே போதும்.

அடுத்து, பிக்கப் உட்காரும் குழியின் ஆழம். மலிவு விலைக் கிட்டார்கள் சிலவற்றில் குழி ஆழமில்லாமல் இருக்கும். நீளமான கால் உள்ள பிக்கப் அதில் தரைதட்டி நிற்கும். பிளாஸ்டிக் வளையத்தில் தொங்குகிறதா, மரத்தில் நேரடியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்க மூடியைத் திறந்து, பாட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட்தான் வழக்கம். 250 இருந்தால் மேல் ஸ்தாயி மழுங்கும். பழி பிக்கப்பின் மேல் விழும்.

4. எதை வாங்குவது

பாலப் பக்கத்துக்கென்றும் கழுத்துப் பக்கத்துக்கென்றும் தனித்தனியாகவே விற்கிறார்கள். ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள். தேவாலயத்தில் பாடலுக்குத் துணையாக, தெளிவான ஒலியில் கார்டு வாசிப்பவர்களுக்கு மிதமான சக்தியுள்ள, ஆல்னிகோ என்ற உலோகக் கலவையால் ஆன காந்தம் கொண்ட பிக்கப் நன்றாக இருக்கும். அதன் மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும். மெல்லிசை மேடையில் டிஸ்டார்ஷன் போட்டு லீட் வாசிப்பவர்களுக்கு 14, 16 கிலோ ஓம் வரை போகும் வலுவான பிக்கப் உதவும். ஆனாலும் மின்தடை எண் பெரிதாக இருந்தால் பிக்கப் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். காந்தமும் காயிலில் சுற்றிய கம்பியின் தடிமனும் சேர்ந்தே ஒலியைத் தீர்மானிக்கின்றன.

நான்கு வயர் உள்ளதையே வாங்குங்கள். ஒற்றை வயரின் மேல் உலோக வலை பின்னி வரும் பழைய பாணிப் பிக்கப்பில் பின்னால் எதையும் மாற்றியமைக்க வழியில்லை.

5. ரசீது, ஆவணம், திரும்பக் கொடுக்கும் நாள்

பெயரில்லாத மலிவுப் பிக்கப் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கும்; பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பிக்கப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். விலை அடிக்கடி மாறுவதால் வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்திய விற்பனையாளரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீதைக் கேட்டுப் பெறுங்கள்; வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனியாக வரும் என்பதோடு, கூரியர் நிறுவனம் ஆதார், பான் போன்ற அடையாள ஆவணங்களின் நகலைக் கேட்கும். அவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்திருங்கள். ஆவணம் தாமதமானால் பொருள் சுங்கத்திலேயே கிடக்கும்.

பொதியைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை கைப்பேசியில் வீடியோவாக எடுங்கள். பிரித்ததும், 9-ஆம் பகுதியில் சொல்லியிருக்கும் வயர் நிறங்களின்படி பிக்கப்பின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து அந்த எண்ணும் வீடியோவில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். செப்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் ஊர் மத்தியான வெயிலில் 35 டிகிரி இருக்கும் அறையில் 8.4-க்கு மேல் காட்டும். அட்டையில் உள்ள எண்ணும் மீட்டரின் எண்ணும் இவ்வளவு வேறுபட்டால் போலி என்று பதற வேண்டாம். அளவே காட்டாமல் முடிவிலி வந்தாலோ, பாதி மட்டும் வந்தாலோ உடனே விற்பனையாளருக்குத் தெரிவியுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: வயரை வெட்டாதீர்கள். வயர் வெட்டப்பட்ட, ஈயம் பட்ட பிக்கப்பைப் பல விற்பனையாளர்கள் திரும்ப எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தபோது, அங்கே நான்கு விரற்கடை விட்டு மீதி வயரை நறுக்கிவிட்டார்கள். பிக்கப் அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பக் கொடுக்கவும் முடியவில்லை. கையில் பொருள் வந்த நாளிலிருந்து திரும்பக் கொடுக்க எத்தனை நாள் என்பதைக் காலண்டரில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம் போன்ற தீவு முகவரிகளுக்குக் கூரியர் வர ஓரிரு நாள் கூடுதலாக ஆகலாம். கிறிஸ்துமஸ் வாரத்திலோ ஊர்த் திருவிழாவுக்கு முந்தின வாரத்திலோ இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

6. கருவிகள்

டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஸ்டார் திருப்புளி, வெட்டுக் குறடு, எலெக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் திருகு கனெக்டர் பட்டை ஒன்று, முதலைக் கிளிப் வயர் சில. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சுற்றி முடித்துவிடலாம். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலானவை கிடைக்கும். ஈயத்தோடு தகரத் தொட்டி, பைப் வேலைக்கான அமிலப் பசையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த அமிலம் இணைப்பை உள்ளிருந்தே அரிக்கும். நம் காற்றில் இன்னும் வேகமாக அரிக்கும். ரோசின் கலந்த ஈயம் மட்டும் போதும்.

7. பழைய ஒலியைப் பதிவு செய்யுங்கள்

புதிய கம்பி போட்டு இரண்டு நாள் வாசித்த பிறகு, பழைய பிக்கப்பிலேயே ஒரு பாடலின் சில வரிகளையும், தனித்தனிக் கம்பிகளையும், நான்கைந்து கார்டுகளையும் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியை எங்கே வைத்தீர்கள், ஆம்ப்ளிஃபயரின் குமிழ்கள் எந்த எண்ணில் இருந்தன என்பதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் ஒப்பிடப் போவது உங்கள் நினைவோடுதான். ஒலியைப் பொறுத்தவரை நினைவு நம்பத்தக்கதல்ல.

8. கழற்றுதல்

கம்பிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரேயடியாக அறுக்க வேண்டாம். முழுதாகக் கழற்றாமல் தளர்த்தி ஒதுக்கி வைத்தால் அதே கம்பியை மீண்டும் ஏற்றலாம். ஒப்பிடுவதற்கு அது அவசியம். சில வகைப் பாலங்கள் கம்பியின் இழுவிசையால் மட்டுமே நிற்பவை. கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருக்கும் வயர்களைப் பல கோணங்களில் புகைப்படம் எடுங்கள். துருப்பிடித்த திருகாணியைப் பலம் கொண்டு திருப்பினால் தலை தேயும் அல்லது மரத்துக்குள்ளேயே முறியும். குண்டூசி முனையில் தொட்ட ஒரு துளி மெஷின் எண்ணெயைத் திருகாணியின் தலையோரம் வைத்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு பொருத்தமான அளவுள்ள திருப்புளியை நன்றாக அழுத்தி, முதலில் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் அசைத்து, அதன் பின் தளர்த்துங்கள். எண்ணெய் காயில் மேலோ பாட் மேலோ படக் கூடாது. திருகாணி பிடித்திருந்த துளை தளர்ந்துபோயிருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சியை ஃபெவிக்காலில் தொட்டு உள்ளே செருகி, காய்ந்ததும் மீண்டும் திருகலாம்.

பழைய பிக்கப்பின் வயரை (பாட்டிலிருந்து அதை விடுவிப்பது 10-ஆம் பகுதியில் வருகிறது) வெளியே இழுக்கும் முன், அதன் நுனியில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வயர் வெளியே வரும்போது நூல் மரத்தின் துளைக்குள் தங்கிவிடும். புதிய வயரை அதே நூலில் கட்டி மறுபக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

9. வயரின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். செய்மோர் டங்கன் பிக்கப்பில் கறுப்பு வயர் ஒலிமுனை (ஒலி அலை வெளியேறும் முனை). பச்சையும் மேலுறை இல்லாத வயரும் எர்த். சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று இணைந்து தனியாக நிற்க வேண்டும். டிமார்ஸியோ பிக்கப்பிலோ சிவப்பு ஒலிமுனை. பச்சையும் மேலுறை இல்லாததும் எர்த். கறுப்பும் வெள்ளையும் இணைய வேண்டும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ஒலி மெலிந்து போகும் அல்லது வராமலே போகும். பெயரில்லாத பிக்கப் என்றால் விற்பனையாளரிடம் வயர் படத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

10. முதலில் தற்காலிக இணைப்பு

பழைய பிக்கப்பின் வயர்களைப் பாட்டிலிருந்து ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு, அதே இடங்களில் இரண்டு குட்டை வயர்களைப் பற்றவையுங்கள்: ஒன்று ஒலிமுனைக்கு, மற்றொன்று எர்த்துக்கு. அவற்றின் மறுமுனைகளைத் திருகு கனெக்டரின் ஒரு பக்கத்தில் செருகுங்கள். புதிய பிக்கப்பின் வயர்களை, நீளத்தைக் குறைக்காமல், கனெக்டரின் மறுபக்கத்தில் செருகித் திருகினால் போதும். ஒன்றோடொன்று இணைய வேண்டிய இரண்டு வயர்களையும் தனியாக ஒரு துளையில் சேர்த்துத் திருகுங்கள். இனி எத்தனை முறை மாற்றினாலும் பிக்கப்பில் ஈயம் படாது. கனெக்டர் உள்ளே அடங்காவிட்டால் மூடியைப் போடாமலே சில நாள் வாசிக்கலாம். இந்த நிலையில் இரைச்சல் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அதை வைத்துப் பிக்கப்பை மதிப்பிடாதீர்கள்.

கேபிளைக் கிட்டாரில் சொருகி, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையே, வால்யூமை முழுதாகத் திறந்து வைத்து அளந்து பாருங்கள். 8.2 கிலோ ஓம் பிக்கப் 8.1-ஐ ஒட்டிக் காட்டும். 500 கிலோ ஓம் பாட் இணையாக நிற்பதால் வரும் சிறு குறைவு அது. இரண்டு ஹம்பக்கர் உள்ள கிட்டாரில் சுவிட்சை நடுவில் வைத்தால் ஏறத்தாழ பாதி, அதாவது 4 கிலோ ஓம் அளவில் வரும்.

நடுநிலையில் ஒலி மூக்கடைத்ததுபோல் மெலிந்து வந்தால் இரண்டு பிக்கப்புகளும் எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் அலையை மற்றது கழிக்கும்படி, இருக்கின்றன. மீட்டரை ஒரு பிக்கப்பில் இணைத்து, இரும்புத் திருப்புளியை அதன் முனைகளின் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள்; எண் ஒருகணம் ஏறும் அல்லது இறங்கும். மற்ற பிக்கப்பிலும் அதே திசையில் அசைய வேண்டும். எதிர்த்திசையில் அசைந்தால், நான்கு வயர் பிக்கப்பில் ஒலிமுனை வயரையும் எர்த்துக்குப் போகும் நிற வயரையும் (மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களிலும் பச்சை) இடம் மாற்றுங்கள். மேலுறை இல்லாத வயர் எப்போதும் எர்த்திலேயே இருக்கட்டும்.

11. உயரம் வைத்தல், ஒப்பிடுதல்

கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளவெடுங்கள். பாலப் பக்கத்துப் பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே 1.6 மில்லிமீட்டர், கழுத்துப் பக்கத்தில் 2.4 மில்லிமீட்டர் என்று தொடங்கி, காதுக்கு ஏற்ப அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றுங்கள். மிக நெருக்கமாக வைத்தால் காந்தம் கம்பியை இழுத்து, ஒலி நீளாமல் செத்துவிடும், சுருதியும் அலையும்.

ஒப்பிடும்போது காதை ஏமாற்றுவது சத்தத்தின் அளவு. எது உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்ல ஒலியாகத் தோன்றும். ஆகவே புதிய பிக்கப் வலுவாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைக் குறைத்து, பழைய பதிவின் அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள். அதே கம்பி, அதே பிளெக்ட்ரம், கைப்பேசிக்கு அதே இடம். இரண்டு பதிவுகளையும் எது எதென்று சொல்லாமல் குழுவில் உள்ள ஒருவருக்குப் போட்டுக் காட்டி அவர் சொல்வதையும் கேளுங்கள். வீட்டு அறையில் இனிமையாகக் கேட்பது கீபோர்டும் டிரம்ஸும் சேரும்போது காணாமல் போவதுண்டு. ஆகையால் ஒத்திகையில் ஒருமுறையாவது வாசித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். இவற்றையெல்லாம் திரும்பக் கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

12. நிரந்தரமாகப் பற்றவைத்தல்

வைத்துக்கொள்வது என்று முடிவான பின் கனெக்டரை எடுத்துவிட்டு வயர்களைப் பற்றவையுங்கள். அப்போதும் வயரில் ஒரு சாண் மிச்சம் விட்டுச் சுருட்டி வையுங்கள். பாட்டின் காலில் சூடு மூன்று நான்கு விநாடிக்கு மேல் படக் கூடாது. பாட்டின் முதுகில் எர்த் பற்றவைக்க 25 வாட் போதாமல் ஈயம் உருண்டையாகத் திரளும். அதற்கு 40 முதல் 60 வாட் அயர்ன் ஒன்றைப் பழுதுபார்க்கும் கடையில் இரவல் கேளுங்கள். நல்ல இணைப்பு பளபளப்பாகப் பரவி நிற்கும். மங்கலாகத் திட்டுத்திட்டாக இருந்தால் மீண்டும் சூடாக்க வேண்டும். மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

இணைப்புகளில் மிஞ்சிய ரோசினை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் மூடியைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டிக்குள் வையுங்கள். கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்த இரவே கம்பியையும் பிக்கப்பின் உலோக முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பழைய பிக்கப்பையும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, அதன் மின்தடை, வயர் நிறங்கள், எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற விவரங்களைச் சீட்டில் எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். கிட்டாரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.